கதவுக்கு அடியில் வந்த தாள்

ஊரப்பாக்கம்
8 ஜூன் 2025

அன்புள்ள தம்பி ஜெஃப்ரிக்கு,

நான் சுவிசேஷமுத்து. தாம்பரத்தில் நீ படித்த பள்ளியின் ஹாஸ்டலில் வாட்ச்மேனாக இருந்தவன். நீ என்னை மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தோஷமான செய்தி. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். இங்கே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. எட்டு மாதமாகப் போகிறேன். பதினொரு பெண்கள், ஆண் நான் ஒருவன். பேசுவதுபோல எழுதினால் பியூலா டீச்சருக்குப் பிடிக்காது. "கீதுன்னு எழுதுனா மார்க் கிடையாது தாத்தா. இருக்கிறதுன்னு எழுதுங்க" என்பார். ஆகையால் இந்தக் கடிதத்தில் எல்லாமே இருக்கிறதுதான். கீது ஒன்றுகூட இல்லை.

எழுத்து வந்த பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். மாத்திரை அட்டை, கரண்ட் பில், பஸ்ஸின் முதுகு. எங்கள் ஸ்டேஷனில் ஒரு பலகை இருக்கிறது. தண்டவாளத்தைக் கடக்காதீர் என்று எழுதியிருக்கிறது. முப்பது வருஷமாக அந்தப் பலகையின் கீழேதான் கடந்துகொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாடி வீட்டு ஸ்ரீநிவாசன் சாரின் மகள் நித்யஸ்ரீ கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, கொஞ்சம் மேல வாங்களேன். இது நீங்களான்னு பாருங்க" என்றாள். லாப்டாப்பில் ஒரு விளையாட்டு ஓடியது. 'சைலன்ஸ் பெல்' என்று பெயர், நீ செய்ததாம். நம் ஹாஸ்டல்! அதே கேட், அதே படிக்கட்டு, அதே மணி. கேட்டில் ஸ்டூல் போட்டு ஒரு ஆள். காக்கிச் சட்டை, பையில் பேனா, மூக்குக் கண்ணாடி, கையில் பேப்பர். மீசைகூட இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தம்பி, நான் அழுதுவிட்டேன். இருபத்தாறு வருஷம் கேட்டில் நின்றேன். ரிடையர் ஆன அன்று ஒரு சால்வைகூடப் போடவில்லை. நீ என்னை உட்காரவைத்திருக்கிறாய், அதுவும் ஊரெல்லாம் பார்க்கிற இடத்தில்.

ஸ்ரீநிவாசன் சார், "அந்தக் கண்றாவியை ஏம்மா போடற, டிவில கிழிக்கிறான் பார்" என்று சத்தம் போட்டார். வார்டன் பையன்களைப் பிரம்பால் அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறாயாம், ஜெபப் பாட்டுப் பாடும்போதே ஒரு பையன் சாகிறானாம், பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று பெற்றோர் சங்கம் தாம்பரத்தில் ஊர்வலம் போனதாம். பள்ளியும் கேஸ் போட்டிருக்கிறதாம். நீ பயப்படாதே.

ஒரே ஒரு சந்தேகம். விளையாட்டில் நான் பெட்டி ரூம் கதவுப் பக்கம் வந்து சிரிக்கிறேன். ஏன் சிரிக்கிறேன்? அந்த இடத்தில் நித்யஸ்ரீ சட்டென்று மூடிவிட்டாள். "மீதி வேணாம் தாத்தா" என்றாள். எவ்வளவு கேட்டும் காட்டவில்லை. மீதியில் என்ன இருக்கிறது என்று நீயே எழுது.

விலாசம் விளையாட்டின் கடைசியில் இருந்ததாம், அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். போனில் பேசாதே. கடிதமாகவே போடு. எனக்கு இதுவரை யாரும் கடிதம் போட்டதில்லை.

இப்படிக்கு,
சுவிசேஷமுத்து


கோவிலம்பாக்கம்
19 ஜூன் 2025

திரு. சுவிசேஷமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னார். ஆனாலும் இந்த ஒரு முறை எழுதுகிறேன்.

எட்டு மாதமாகத்தான் எழுதப் படிக்கத் தெரியும் என்கிறீர்கள். நன்றாக யோசித்திருக்கிறார்கள். பள்ளியின் வக்கீல் சொல்லிக் கொடுத்தாரா, நீங்களாகவே கண்டுபிடித்தீர்களா? நூற்றிருபது பையன்கள் தினமும் காலையில் நீங்கள் கேட்டில் பேப்பர் படிப்பதைப் பார்த்தோம். தலைப்புச் செய்தி என்ன அண்ணா என்று கேட்டால், "எல்லாம் திருட்டுப் பசங்க, படிக்காதீங்கடா" என்பீர்கள். அதையும் விளையாட்டில் வைத்திருக்கிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மறந்திருந்தால் சொல்கிறேன்.

2008 அக்டோபர் 12. இரண்டாவது ஞாயிறு, பெற்றோர் வரும் நாள். என் பக்கத்துக் கட்டில் மெர்வினைக் காலையிலேயே வார்டன் பெட்டி ரூமில் வைத்துப் பூட்டினார். நூற்றிருபது தகரப் பெட்டிகளும் தூசியும் இருந்த அறை. வீட்டுக்கு எழுதும் கடிதங்களை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. மெர்வின் தன் கடிதத்தில் அடி வாங்கியதை எழுதியிருந்தான். அதற்குத் தண்டனை, அம்மாவைப் பார்க்கக் கூடாது. அவனுக்கு வீசிங் உண்டு என்பது ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும்.

பத்தரைக்கு நாங்கள் சாப்பலுக்கு வரிசையில் நின்றோம். கதவுக்கு அடியிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. நீங்கள் குனிந்து எடுத்தீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை விரித்து, நிதானமாகப் படித்தீர்கள். சிரித்தீர்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட் பக்கம் போனீர்கள். சாவி கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது.

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள்.

ஆகஸ்ட் 20 அன்று கோர்ட்டில் விசாரணை. அப்படி ஒரு அறையே இருந்ததில்லை, எல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்று பள்ளி எழுதிக் கொடுத்திருக்கிறது. அறை இருந்தது என்று நிரூபிக்காவிட்டால் விளையாட்டைத் தடை செய்துவிடுவார்கள். கூடப் படித்தவர்கள் யாரும் சாட்சிக்கு வர மாட்டேன் என்கிறார்கள், மிச்சம் இருப்பது நீங்கள்தான். நீங்கள் வந்து சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.

ஜெஃப்ரி


ஊரப்பாக்கம்
14 ஜூலை 2025

தம்பி ஜெஃப்ரிக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். உன் கடிதத்தைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. படித்த பிறகு மூன்று வாரம் எழுத முடியவில்லை.

தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது. அன்றைக்குத் தெரியாது. எந்த வக்கீலும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வேலைக்குச் சேரும்போது, "என்னய்யா படிச்சிருக்க" என்று கேட்டார்கள். எட்டாவது என்றேன். பக்கத்தில் நின்றவன் எட்டாவது என்றான், நானும் சொன்னேன். அவ்வளவுதான். அதற்கு மேல் திரும்பி வர வழி இல்லை. பொடிப் பையன்கள் எல்லாம் இங்கிலீஷில் படிக்கிற இடம். வாட்ச்மேனுக்கு எழுத்து தெரியாது என்று தெரிந்தால் எவன் மதிப்பான்? பல்லாவரம் சந்தையில் பழைய கண்ணாடி ஒன்று வாங்கினேன். அது என் கண்ணுக்குச் சேரவே சேராது. பேனா வாங்கினேன். பேப்பரில் படத்தைப் பார்த்து நேர், தலைகீழ் கண்டுபிடித்துக்கொள்வேன். படம் இல்லாத பக்கத்தைத் திருப்ப மாட்டேன். வருகிறவர்களையே நோட்டில் எழுதச் சொல்வேன். கையெழுத்து மட்டும் என் மனைவி சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும், அவளும் போய்விட்டாள்.

பையன்கள் வார்டனுக்குத் தெரியாமல் என்னிடம் கடிதம் கொடுப்பார்கள். உனக்கும் தெரியும். நான் ஸ்டேஷன் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குத் தாள் வெளியே வந்தபோது, பாவம், அம்மாவைப் பார்க்க விடவில்லை, அம்மாவுக்கு எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். நீங்களெல்லாம் வரிசையில் நின்று பார்த்தீர்கள். அதனால் கண்ணாடியைப் போட்டு விரித்துப் பார்த்தேன். உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகிறான் என்று நினைத்தேன். கதவில் வாயை வைத்து, "எழுதிட்டியா கண்ணு? நான் போட்டுர்றேன், நீ கவலப்படாத" என்று மெதுவாகச் சொன்னேன். உள்ளே இருந்து இரண்டு தடவை தட்டினான். சரி என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ வரைந்திருக்கிற சிரிப்பு பொய் இல்லை. நான் சிரித்துக்கொண்டுதான் போனேன். மதியத் தபால் எடுப்பதற்குள் போட்டுவிட வேண்டும் என்று வேகமாக வேறு நடந்தேன். ஸ்டாம்ப் இல்லை, கவர் இல்லை. உள்ளே எழுதியிருக்கிற விலாசத்தைப் பார்த்துத் தபால்காரர்கள் சேர்த்துவிடுவார்கள் என்று நம்பினேன். எனக்கு என்ன தெரியும்? போட்டுவிட்டு டீ குடித்தேன். திரும்பி வரும்போது வார்டனின் கார் அவனை ஏற்றிக்கொண்டு வெளியே போனது.

ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான் என்றார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. பதினேழு வருஷமாக நான் என்ன நினைத்து ஆறுதல் பட்டேன் தெரியுமா? கடைசியாக எழுதியதையாவது அவன் அம்மாவிடம் சேர்த்தோமே என்று.

போன வாரம் தாம்பரம் போனேன். அந்தத் தபால் பெட்டி இன்னும் இருக்கிறது. அதன் வயிற்றில் எழுதியிருக்கிறது. ஞாயிறு தபால் எடுப்பதில்லை. அதையும் இப்போதுதான் படித்தேன்.

அந்தத் தாள் யாருக்கு எழுதியது? அதில் என்ன இருந்தது? உனக்குத் தெரிந்தால் மறைக்காமல் எழுது. பதில் போடாமல் இருந்துவிடாதே.

சுவிசேஷமுத்து


கோவிலம்பாக்கம்
22 ஜூலை 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை நம்பக் கூடாது என்று நான்கு முறை படித்தேன். நான்காவது முறை படிக்கும்போது அந்த மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது. நீங்கள் எப்போதும் அதன் மேல் விளிம்புக்கு மேலாகத்தான் பார்ப்பீர்கள். மேலாகப் பார்ப்பதை வரைந்தேன். ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

தாள் உங்களுக்கு எழுதியது.

"அண்ணா, மூச்சு விட முடியலை. கதவைத் திறங்க. சாவி ஆணியில இருக்கு."

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எழுதச் சொன்னது நான். காலையில் சாப்பாட்டு மணிக்கும் சாப்பல் மணிக்கும் நடுவே அந்தக் கதவிடம் போனேன். அவன் பேச்சு சரியாக வரவில்லை. பெட்டி ரூமில் இருப்பவனிடம் பேசினால் பேசியவனையும் உள்ளே தள்ளுவார்கள். நான் பயந்தேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலோடு கதவுக்கு அடியில் தள்ளி, "கத்தாதடா, வார்டனுக்குக் கேக்கும். வாட்ச்மேன் அண்ணனுக்கு எழுது. அவர் நல்லவரு, படிச்சுட்டுத் திறந்துடுவாரு" என்றேன். என்ன எழுத வேண்டும் என்றும் நானே சொன்னேன்.

சாவி எனக்கும் எட்டும் உயரத்தில்தான் இருந்தது அண்ணா. எனக்கு அப்போது பதினான்கு வயது. நான் உயரமான பையன்.

பிறகு ஒன்றரை மணி நேரம் சாப்பலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திறந்திருப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டேன். உங்கள் சிரிப்பைப் பார்த்த பிறகும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விளையாட்டில் வார்டன் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், மணி இருக்கிறது. நான் இல்லை. கதவைத் திறக்க ஏன் ஒரு வழியும் வைக்கவில்லை, எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று விளையாடுகிறவர்கள் திட்டுகிறார்கள். திறக்கும்படி வைத்தால், யார் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் உங்கள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பெரிதாக வரைந்தேன். இரண்டு லட்சம் பேர் உங்களைத் திட்டினார்கள். நான் அதைப் படித்துவிட்டுத் தூங்கினேன்.

வாட்ச்மேனை மாற்றிவிடுகிறேன். அதற்கு விளையாட்டு உயிரோடு இருக்க வேண்டும். ஆகஸ்ட் 20 அன்று வருவீர்களா அண்ணா? அப்படி ஒரு அறை இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதைச் சொல்லச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

ஜெஃப்ரி


ஊரப்பாக்கம்
9 ஆகஸ்ட் 2025

தம்பி ஜெஃப்ரிக்கு,

உன் கடிதத்தின் நடுவில் இருக்கும் அந்த மூன்று வரியை நான் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன். இப்போது நான் நன்றாகப் படிக்கிறேன் என்று டீச்சர் சொன்னது உண்மைதான்.

சின்ன வார்த்தைகள் தம்பி. முதல் மாதமே டீச்சர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள். கதவு. சாவி. ஆணி.

நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் இருந்திருந்தால், அவன் எழுதியிருக்க மாட்டான். கதவை உதைத்திருப்பான். நீயும் என்னிடம் வாயால் சொல்லியிருப்பாய். இதை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நினைக்கிறேன் என்று எழுத எனக்கு எண் தெரியவில்லை. நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. நீ குழந்தை. எனக்கு அன்றைக்கு ஐம்பத்து நான்கு வயது.

போன செவ்வாய்க்கிழமை பள்ளி ஆபீஸிலிருந்து பாலு வந்தார். ஹெட் கிளார்க் பாலு, உனக்கு ஞாபகம் இருக்கும். கையில் ஸ்வீட் டப்பா.

"பெரிசு, நல்லா கீறியா? ஒரே ஒரு கையெழுத்து. இடத்த நான் காட்டுறேன், போட்டுக்கினு போயிட்டே இரு."

"படிச்சுட்டுப் போடறேன் பாலு."

"இதுல இன்னா படிக்கப் போற? வக்கீலே படிச்சாச்சு. எனக்கு டிரெயினு கீது."

"அடுத்த டிரெயின்ல போயேன்."

இரண்டு பக்கம். படிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. பாலு இரண்டு டீ குடித்தார். வாசலில் போய்ப் போனில், "இன்னும் படிச்சுகினே கீறாரு சார். தெர்ல சார், விரல் வச்சு வச்சுப் படிக்கிறாரு" என்றார்.

என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குக் கீழே, ஹாஸ்டலில் பெட்டி அறை என்று ஒன்று இருந்ததில்லை, மாணவன் மெர்வின் தன் கட்டிலில் படுத்திருந்தபோது மூச்சுத் திணறியது, நான்தான் வார்டனிடம் ஓடிப் போய்ச் சொன்னேன் என்று இருந்தது. நான் ஓடினேனாம்.

"பாலு, ரூம் இல்லன்னு போட்டிருக்கே. நீயே பழைய ரிஜிஸ்டரெல்லாம் அங்கதான வச்ச?"

அவர் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "பேஜார் பண்ணாத பெரிசு. செத்த புள்ள செத்துட்டான். இப்ப இருக்கிற புள்ளைங்க படிக்க வேணாமா? உன் பேரை நல்லபடியாத்தான எழுதியிருக்கு?" என்றார்.

நல்லபடியாகத்தான் எழுதியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடியாது என்றேன். ஸ்வீட் டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நேற்று இரவு முடித்தேன். எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள் என்று பியூலா டீச்சரிடம் கொடுத்தேன். இரண்டாவது தாளில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைத் திருத்தினார்.

அறை இருந்தது என்று மட்டும் சொல்லச் சொன்னாய். நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாததை, மறைத்ததை, தாளை, தபால் பெட்டியை, ஆணியில் தொங்கிய சாவியை. உன்னை எழுதவில்லை. நான் இருபதாம் தேதி வருகிறேன். நீதிபதி படிக்கச் சொன்னால் நானே சத்தமாகப் படிப்பேன். விளையாட்டில் என்னை மாற்றாதே. எல்லோரும் திட்டட்டும்.

சுவிசேஷமுத்து


கோவிலம்பாக்கம்
23 ஆகஸ்ட் 2025

அண்ணா,

இருபதாம் தேதி காலை எட்டு மணியிலிருந்து நீங்கள் கோர்ட் வாசலில் நின்றதாக வக்கீலின் ஜூனியர் சொன்னார். நான் பின்பக்க வழியாக வந்து பின்பக்க வழியாகவே போனேன். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினெட்டாம் தேதியே விளையாட்டை எடுத்துவிட்டார்கள். எந்த உத்தரவும் இல்லை. புகார் அதிகம் என்று அதை விற்ற தளம் தானாகவே நீக்கிவிட்டது. என் பார்ட்னர் பிரசன்னா அன்றைக்கே பள்ளியோடு பேசி முடித்துவிட்டான். அவனுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம். போலீஸ், கோர்ட் என்று அலைய முடியாது மச்சான் என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

நீதிபதி கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாச்சா?" மொத்தம் நான்கு நிமிடம். உங்கள் மூன்று தாளையும் கவரில் போட்டு வக்கீலிடம் கொடுத்திருந்தேன், அதை யாரும் பிரிக்கவில்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எல்லாம் கற்பனை என்றும், மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் கையெழுத்துப் போட்டேன். அந்த அறையைப் பற்றி இனி எங்கும், யாரிடமும் பேச மாட்டேன் என்றும் அதில் இருக்கிறது. படித்துப் பார்த்துத்தான் போட்டேன் அண்ணா.

வேலைக்காக ஹைதராபாத் போகிறேன். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்கிறேன்.

நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் வாயை யாரும் கட்டவில்லை. மெர்வினின் அம்மா இன்னும் பல்லாவரத்தில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமைச் சந்தை ரோட்டுக்குப் பின்னால், மாவு மில் சந்தில் மூன்றாவது வீடு. பெயர் ஹில்டா. பதினேழு வருஷத்தில் நான் ஒரு முறைகூடப் போனதில்லை. பஸ்ஸில் அந்த ஸ்டாப் வரும்போது போனைப் பார்ப்பேன். போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. விலாசத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஜெஃப்ரி


ஊரப்பாக்கம்
9 செப்டம்பர் 2025

தம்பி ஜெஃப்ரிக்கு,

நீ வீட்டைக் காலி செய்வதற்குள் இது வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் போனேன். சந்தைக் கூட்டம். பழைய கம்ப்யூட்டர், வாத்துக்குஞ்சு, ரோஜாச் செடி எல்லாம் தாண்டி மாவு மில் சந்துக்குள் போனேன். மூன்று தாளும் சட்டைப் பையில் இருந்தன.

கதவைத் திறந்த அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாம். நான் என் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, "ஹாஸ்டல் வாட்ச்மேன்தானே? குரலே சொல்லுதே. உள்ள வாங்கண்ணே" என்றார்.

சந்தோஷமாகச் சொன்னார் தம்பி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தடவித் தடவி டீ போட்டுக் கொண்டுவந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். உங்கள் மகன் இறந்த நாளைப் பற்றி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், நீங்கள் படிக்க வேண்டும் என்றேன்.

"எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியலியே. நீங்களே படிங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொடுத்துவிட்டு வாசலில் நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இது டாக்டர் கொடுத்த கண்ணாடி. முதல் தாளைப் படித்தேன். எனக்கு எழுத்து தெரியாதது, எட்டாவது என்று சொன்னது, பேப்பர். அவர் கொஞ்சம் சிரித்தார். "அடப் பாவமே. இப்பத்தான் கத்துக்கிட்டீங்களா? இந்த வயசுலயா? பரவாயில்லையே" என்றார்.

இரண்டாவது தாள். கதவுக்கு அடியிலிருந்து ஒரு தாள் வந்தது. அது அவன் அம்மாவுக்கு எழுதியது என்று நினைத்துத் தபால் பெட்டியில் போட்டேன். அது அம்மாவுக்கு எழுதியது அல்ல.

"நிறுத்துங்க" என்றார். "எது?"

"அந்த லெட்டரும்மா."

"அது எனக்கு எழுதினதுதானே. நீங்கதானே சொன்னீங்க."

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்ல ஞாபகம் வந்தது. பதினேழு வருஷமாக எனக்கு ஒரு தடவைகூட வராத ஞாபகம். அன்றைக்கு அவர் கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். கையில் முறுக்கு டப்பா. வார்டன் உத்தரவு இல்லை என்று காலையிலேயே நான்தான் நிறுத்திவைத்திருந்தேன். தாளைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போகும்போது அவரிடம் நின்று, "அழாதம்மா. புள்ள உனக்கு லெட்டர் எழுதிட்டான். இதோ போடத்தான் போறேன். ரெண்டு நாள்ல வந்துடும்" என்று சொல்லியிருக்கிறேன். பையைத் தட்டிக் காட்டியிருக்கிறேன்.

"அந்த ஒரு வார்த்தையிலதான் அன்னிக்கு வூட்டுக்கு வந்தேன்" என்றார் அந்த அம்மா. இரண்டு நாள் கழித்து அடக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் தபால்காரரைத் தேடியிருக்கிறார். பிறகு போஸ்ட் ஆபீஸுக்கு நடந்தாராம். வருகிற தபால்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தாராம். பெரிய மகன் செங்கல்பட்டில் வீடு கட்டிவிட்டுக் கூப்பிடுகிறான். போகவில்லை. விலாசம் மாறினால் அது எங்கே வரும் என்றார்.

"எத்தனையோ வருசம் கழிச்சுக் கொண்டாந்து குடுக்கிறாங்களாம்ணே, பேப்பர்ல போடறாங்க. என்ன எழுதியிருப்பான்னு நானே நினைச்சுக்குவேன். ஒவ்வொரு வருசமும் ஒவ்வொண்ணு நினைச்சுக்குவேன்."

என் மடியில் இரண்டாவது தாள் இருந்தது. அடுத்த வரியில் உன் மூன்று வரிகளும் இருந்தன. அதற்கு அடுத்து ஆணியும் சாவியும். அவர் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பாப் படிச்சிருப்பீங்க" என்றார். "இப்பத்தான் கத்துக்கிட்டேன்னீங்களே. இன்னொரு தடவை பாருங்க. எனக்குன்னுதானே இருக்கு?"

பார்த்தேன் தம்பி. தாளை ரொம்ப நேரம் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன். "எனக்கு இன்னும் சரியாப் படிக்க வராது."

"அதான பாத்தேன்" என்றார். டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். அந்தத் தாள்களைப் பற்றி அவர் மறுபடியும் கேட்கவில்லை. நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"அது வந்ததும் உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன். நீங்களே வந்து படிச்சுக் காட்டணும்" என்றார். "அதுக்குள்ள நல்லாக் கத்துக்கோங்க."

சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சுவிசேஷமுத்து